முனிரத்தினத்தின் கேள்வியை நான் மூடிய காலை

போன வாரம் திவ்யா போன் செய்தாள். நான் ஓய்வு பெற்றபோது என் நாற்காலிக்கு வந்தவள். எங்கள் ஊர் கோரமண்டல் ஸ்டேஷனில் ஏறி, நான் இருபத்தைந்து வருடம் போய்வந்த அதே ரயிலில் பெங்களூருக்குப் போய்வருகிறாள். எங்கள் கம்பெனியின் இணைய உதவி மன்றத்தில் கேள்விகளைப் பிரித்துப் போட இப்போது ஒரு மென்பொருள் வைத்திருக்கிறார்களாம். எந்தக் கேள்வி எந்தப் பிரிவுக்கு உரியது, எது இடம் மாறி வந்திருக்கிறது, எதை எடுத்துவிடலாம் என்பதையெல்லாம் அதுவே சொல்லிவிடுமாம். புதிய கேள்விகளை முடித்துவிட்டுப் பழைய பதிவுகளையும் சலிக்க ஆரம்பித்திருக்கிறது. ஒரு பழைய பதிவுக்குச் சிவப்பு அடையாளம் போட்டு, தொழில்நுட்பக் கேள்வி அல்ல, எந்தப் பிரிவுக்கும் உரியதல்ல, நீக்கலாம் என்று எழுதியிருக்கிறது.

"கீழ பதில் போட்டு உங்க பேர் இருக்குது மேடம். அதான் எடுக்கறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்னு," என்றாள்.

எடுக்கக் கூடாது என்றேன். ஏன் என்று கேட்டாள். ரயிலில் நின்றுகொண்டு கேட்கிற கதையில்லை என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். எனக்குக் கொஞ்சம் முன்கோபம் உண்டு. அவள் கேட்டதில் தப்பே இல்லை என்பது அப்புறம்தான் உறைத்தது. அந்த ஏனுக்குப் பதிலாகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் ஊரிகத்தில் சுரங்கத் தொழிலாளர்களின் லைன் வீட்டில் பிறந்தவள். அப்பா தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்தார். சுரங்கம் மூடியதும் எங்கள் வயதுக்காரர்கள் எல்லோரும் ரயிலேறினோம். டைப்பிங், கம்ப்யூட்டரில் ஒரு டிப்ளமா, பிறகு பெங்களூர் கம்பெனி ஒன்றில் டெலிபோன் ஆபரேட்டர். குளிர்பெட்டிகளுக்கு வெப்பநிலை பார்க்கும் கருவி செய்கிற கம்பெனி அது. பெட்டிக்குள் ஒரு சென்சார் கம்பி, சுவரில் எண் காட்டும் சின்ன டப்பா, கைபேசியில் ஓர் ஆப், அவ்வளவுதான் சரக்கு. மருந்துக்கடை, பால் பண்ணை, ஆஸ்பத்திரி என்று பல இடத்தில் அது தொங்கியது. போனில் கேட்பவர்கள் குறைந்து மன்றத்தில் எழுதிக் கேட்பவர்கள் கூடியபோது என்னையும் மன்றத்துக்கு மாற்றினார்கள்.

அங்கே நான் பதில் சொல்கிறவள் இல்லை. பதிலை எஞ்சினியர்களும் அனுபவப்பட்ட வாடிக்கையாளர்களும் சொல்வார்கள். கேள்வி எங்கே போக வேண்டும் என்று முடிவு செய்வதுதான் என் வேலை. கருவி, ஆப், நெட்வொர்க், பொது என்று நான்கு பிரிவுகள். கம்பி, சென்சார் தெரிந்தவர் கருவிப் பிரிவை மட்டும் பார்ப்பார், ஆப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்க மாட்டார். அதனால் தப்பான பிரிவில் கிடக்கிற கேள்வி யார் கண்ணிலும் படாது. வருகிற ஒவ்வொன்றையும் படித்து அங்கேயே விடலாம், வேறு பிரிவுக்கு நகர்த்தலாம், அல்லது 'ஏற்கெனவே பதில் உண்டு' என்று பழைய பதிலைக் காட்டி மூடலாம். மூடினால் பூட்டு விழுந்துவிடும், கேட்டவரே கீழே ஒரு வார்த்தை எழுத முடியாது. ஒரு கேள்விக்கு நான்கு நிமிடம். திரையின் மூலையில் ஒரு கடிகாரம் ஓடும், நேரம் தாண்டினால் சிவப்பாகும். என் கடிகாரம் சிவந்ததே இல்லை என்பதில் எனக்குத் தலைகால் புரியாத பெருமை.

இன்னொரு விதியும் இருந்தது. ஒரே கேள்வியை இரண்டு பிரிவில் போட்டால் இரண்டாவது தானாக நீங்கிவிடும், போட்டவர் மறுநாள் காலைவரை எதுவும் எழுத முடியாது. சில பேர் ஒரே கேள்வியை நான்கு பிரிவிலும் போட்டு உயிரை வாங்குவார்கள். மீட்டிங்கில் சண்டை போட்டு அந்த விதியைக் கொண்டுவந்தது நான்தான்.

எங்கள் தலைவி சுலோசனா மேடம், கோலார்க்காரர். கன்னடம் தாய்மொழி, எங்களோடு பழகி வந்த தமிழ். கேள்வியைப் படிக்க அவர் எழுந்து நிற்பார். தலைப்பை மட்டும் பார்த்து ஒருநாளும் முடிவு செய்ததில்லை. வணக்கத்தில் தொடங்கி நன்றிவரை, எழுத்துப் பிழைகளோடு, சத்தமாக வாசிப்பார். புதிதாக வந்த யாருக்கும் முதல் மாதம் மௌஸைத் தர மாட்டார், வாசிக்கத்தான் விடுவார். வாசித்து முடித்ததும் மூன்று கேட்பார். யார் கேட்கிறார்? கையில் எதை வைத்துக்கொண்டு கேட்கிறார்? இது காத்திருந்தால் என்ன கெடும்? மூன்றாவதற்கு ஏதாவது பதில் இருந்தால் அந்தக் கேள்வி எந்தப் பிரிவுக்கும் உரியதல்ல, உடனே போனை எடுக்க வேண்டும் என்பார். போனையும் நாங்கள் எடுக்கக் கூடாது, அவர்தான் எடுப்பார், அது கம்பெனி விதி. நாங்கள் தப்பு செய்தால் திட்ட மாட்டார். "திரும்ப ஓது" என்று மட்டும் சொல்வார், கன்னடத்தில் ஓது என்றால் படி. அது எனக்கு எரிச்சலாக இருக்கும். அவர் நிற்பதையும் இழுத்து இழுத்து வாசிப்பதையும் நடித்துக் காட்டி ரயிலில் சிரிக்க வைப்பேன்.

ரயிலைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெண்கள் பெட்டியில் நாங்கள் ஏழெட்டுப் பேர் தினமும் ஒரே இடத்தில் உட்காருவோம். ஒருத்தி சுண்டல் கொண்டுவருவாள், ஒருத்தி வழியெல்லாம் மாமியாரைப் பற்றிச் சொல்வாள். ஆண்டர்சன்பேட்டை ஸ்டெல்லா பெங்களூர் ஆஸ்பத்திரி ஒன்றில் ரத்த வங்கியில் நர்ஸ். பங்காரப்பேட்டை வரும்வரை ஜெபமாலை உருட்டுவாள், அதுவரை வாயே திறக்க மாட்டாள். என் பங்கு, அன்றைய கேள்வி வரிசையில், க்யூவில், வந்த ஒரு வேடிக்கையான கேள்வியைப் படித்துக் காட்டுவது. முதல் ஒரு மணி நேர வேலையை ரயிலிலேயே லேப்டாப்பில் பார்க்க எனக்கு அனுமதி இருந்தது. வண்டி பங்காரப்பேட்டையில் நின்றதும், "இன்னிக்கு இன்னா கேள்வி கௌதமி?" என்று கேட்பார்கள்.

அன்றைக்குக் கோரமண்டல் தாண்டியதும் க்யூவைத் திறந்தேன். ஐந்தாவதாக இருந்தது முனிரத்தினம் என்பவருடையது. ஆப் பிரிவில் போட்டிருந்தார். தமிழை ஆங்கில எழுத்தில் எழுதியிருந்ததால் என்னிடம் வந்தது. தலைப்பு, 'ஆப்பில் எண் மாறவில்லை'. முதல் மூன்று வரி இப்படி இருந்தது: "வணக்கம் ஐயா. விடியற்காலை கரண்ட் போய் வந்ததிலிருந்து 4.0 என்றே காட்டுகிறது. எத்தனை முறை திறந்து பார்த்தாலும் 4.0தான்." இதற்கு மேல் என்ன படிப்பது என்று நினைத்தேன். ஆப் சிக்கிக்கொண்டால் அழித்துவிட்டு மறுபடி ஏற்ற வேண்டும், அதற்குப் பழைய பதில் ஒன்று உண்டு. அந்தப் பதிலைத் திருத்தி அழகாக்கி வைத்தவளே நான்தான். அதைக் காட்டி மூடினேன். ஒன்றரை நிமிடம்கூட ஆகவில்லை.

பங்காரப்பேட்டையில் கேள்வி கேட்டார்கள். நான் முனிரத்தினத்தினுடையதை எடுத்தேன். ஒன்பது வரி எழுதி, கடைசியில் "எண் மாறாததற்கு நான் என்ன தவறு செய்தேன்?" என்று முடித்திருந்தார். அது எனக்குச் சிரிப்பாக இருந்தது. எழுந்து நின்று, மேடத்தின் குரலில், வணக்கத்திலிருந்து வாசித்தேன். முடிவு செய்வதற்காக முழுதாகப் படிக்காதவள், சிரிப்பதற்காக முழுதாகப் படித்தேன். நாலு புள்ளி சைபர் என்று நான் இழுத்த இழுப்பில் பெட்டியே சிரித்தது. எட்டாவது வரி, "பைகளைத் துடைத்து வைத்தாலும் மறுபடி மறுபடி ஈரமாகிறது, இதற்கும் ஆப்புக்கும் சம்பந்தம் உண்டா?" அதற்கு இன்னும் சிரித்தார்கள். ஜெபமாலையைப் பர்ஸில் போட்டுக்கொண்டிருந்த ஸ்டெல்லா மட்டும் சிரிக்கவில்லை.

"அந்த வரிய திருப்பிப் படி," என்றாள். படித்தேன். "இன்னா பைடி அது?"

பெயருக்குக் கீழே ஆஸ்பத்திரி ரத்த ஸ்டோர் என்று போட்டிருப்பதை அப்போதுதான் பார்த்தேன். சொன்னேன்.

"குளிர்ல இருக்கற பை ஈரமாவாது கௌதமி. வெளி சூடு உள்ள போனாத்தான் மேல தண்ணி கோக்கும். அந்தப் பெட்டி குளிர்ல இல்ல. உன் ஆப் சும்மா நாலுனு சொல்லிக்கினு இருக்குது."

அந்த ஒன்பது வரியையும் மறுபடி பார்த்தேன். ஆப் சிக்கவில்லை. கரண்ட் போய் வந்ததில் குளிர்பெட்டியும் சரியாக ஓடவில்லை, சென்சாரும் பேச்சை நிறுத்தியிருக்கிறது. சுவரிலிருக்கும் டப்பா கடைசியாகக் கேட்ட எண்ணைப் பிடித்துக்கொண்டு அதையே சொல்கிறது. எண் நாலில் நிற்கும்வரை எச்சரிக்கை மணியும் அடிக்காது. அது கருவிப் பிரிவுக் கேள்விகூட இல்லை, மேடம் சொல்கிற போன் கேள்வி. அதை நான் பூட்டிவிட்டுச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

பூட்டைத் திறக்க லேப்டாப்பை இழுத்தேன். பங்காரப்பேட்டை தாண்டியதும் பாறைக் குன்றுகள் வரும், அங்கே சிக்னல் இருக்காது. தினமும் போய்வருகிறவளுக்குத் தெரிந்த விஷயம்தான். போனைத் தூக்கி ஜன்னலுக்கு வெளியே நீட்டினேன். ஒருத்தி தன் போனைக் கொடுத்தாள், இன்னொருத்தியும் கொடுத்தாள், எதிலும் ஒரு கோடுகூட இல்லை. வண்டி வழியில் நின்றது வேறு. அந்த நேரம் எத்தனை நிமிடம் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் என் கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இருபத்திரண்டு நிமிடம்.

மாலூர் வருகையில் சிக்னல் வந்தது. கேள்வியின் பூட்டைத் திறந்தேன். ஆனால் கருவிப் பிரிவில் முனிரத்தினத்தின் பெயரில் அதே தலைப்போடு இரண்டாவது பதிவு ஒன்று வந்து, தானாக நீக்கப்பட்டிருந்தது. நீக்கப்பட்டதை என்னால் பார்க்க முடியும். "ஐயா, நீங்கள் காட்டிய பதில் எனக்கானது இல்லை போலிருக்கிறது. கீழே எழுத முடியவில்லை. தயவுசெய்து யாராவது பாருங்கள்." கூடவே ஒரு படம். மறுநாள் காலைவரை அவரால் எழுத முடியாது. நான் சண்டை போட்டு வாங்கிய விதி அவர் வாயைக் கட்டியிருந்தது. பூட்டைத் திறந்தும் பயனில்லை.

அவர் விவரத்தில் போன் நம்பர் இல்லை, ஊர் இல்லை. படத்தில் சுவரிலிருந்த டப்பாவும் அதன் அடியில் ஸ்டிக்கரும் தெரிந்தன. ஸ்டிக்கரில் வரிசை எண். கடைசி இலக்கம் மூன்றா எட்டா என்று புரியவில்லை. மேடத்துக்குப் போன் செய்து, ஒரு ரத்த ஸ்டோர் கேள்வியைத் தப்பாக மூடிவிட்டேன் என்று சொன்னேன்.

"பூரா ஓது," என்றார்.

அதே பெட்டியில், சற்றுமுன் சிரித்தவர்களுக்கு நடுவில், வணக்கத்திலிருந்து என் சொந்தக் குரலில் வாசித்தேன். எட்டாவது வரியை இரண்டு முறை வாசித்தேன். கேள்வியை மூடி எவ்வளவு நேரமாகிறது என்று மட்டும் மேடம் கேட்டார். நாற்பது நிமிடத்துக்கு மேல் என்றேன். எண்ணைச் சொன்னேன், கடைசி இலக்கத்தின் சந்தேகத்தையும் சொன்னேன். சரக்கு அனுப்பும் பதிவேடு தரைத்தளத்தில் இருந்தது. மேடத்துக்கு முழங்கால் வலி, ஒரு மாடிக்குக்கூட லிஃப்டில்தான் போவார். அன்றைக்கு லிஃப்டுக்காக நிற்காமல் மூன்று மாடி இறங்கினார் என்று பிறகு வாட்ச்மேன் சொன்னார். கொஞ்ச நேரத்தில் மேடம் கூப்பிட்டார். கடைசி இலக்கம் மூன்று என்றால் ஒரு பால் பண்ணை, எட்டு என்றால் ஒரு மலையூர் ஆஸ்பத்திரி. ஆஸ்பத்திரி ஆபீஸ் நம்பர் கொடுத்தார்.

"ரூல்படி நான்தான் பேசணும். அவர் தமிழ் எனக்கு அவசரத்துல பூரா புரியாது, நீங்களே பேசுங்க கௌதமி. யாருனு கேட்டா என் பேர் சொல்லுங்க," என்றார்.

மூன்று முறை அடித்து ஓய்ந்தது. நான்காவது முறை ஒரு பெண் எடுத்தார். முனிரத்தினம் ஸ்டோரில் இல்லை என்றார். "ஏதோ ஆப்ப அழிச்சிட்டுத் திரும்ப போடணும்னு கம்பெனியில சொல்லியிருக்காங்களாம். உள்ள சிக்னல் இல்லைன்னு வாசல் கேட் பக்கம் போயிருக்காரு."

என் அழகான பழைய பதில் அவரைப் பெட்டியை விட்டு வாசலுக்கு அனுப்பியிருந்தது. அந்த அம்மாவிடம் கெஞ்சினேன், ஓடிப்போய்க் கூட்டிவரச் சொன்னேன். போன் மேசைமேல் வைக்கப்பட்ட சத்தம் கேட்டது. யாரோ இருமுவது, ஒரு குழந்தை அழுவது எல்லாம் கேட்டன. சிக்னல் போய்விடக் கூடாதே என்று பயந்துகொண்டே போனைக் காதோடு அழுத்தியிருந்தேன். கடைசியில் மூச்சிரைக்க ஓர் ஆண் குரல் வந்தது. கம்பெனியிலிருந்து பேசுகிறேன் என்று மட்டும் சொல்லி, போனை ஸ்டெல்லாவிடம் கொடுத்துவிட்டேன்.

ஸ்டெல்லா நிதானமாகச் சொன்னாள். சாதாரண தெர்மாமீட்டரை மேல் தட்டில் இரண்டு பைகளுக்கு நடுவில் வைக்க வேண்டும், அப்புறம் கீழ்த்தட்டில், கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கக் கூடாது. அவர் போய்ப் பார்த்து வந்தார். மேலே பதினொன்று, கீழே எட்டு; பத்து டிகிரியைத் தாண்டினால் ரத்தம் ஆபத்து என்றாள் ஸ்டெல்லா. கீழ்த்தட்டுப் பைகளை உடனே வேறு பெட்டிக்கு மாற்றச் சொன்னாள். மேல் தட்டுப் பைகளைத் தனியாக வைத்து, யாருக்கும் ஏற்றாமல், இரண்டு தட்டின் கணக்கையும் டாக்டரிடம் எழுதிக் கொடுக்கச் சொன்னாள். அவர் ஏதோ சொன்னார். ஸ்டெல்லா கண்ணை மூடிக்கொண்டாள்.

"இன்னாவாம்?" என்றேன்.

"கீழ நெகட்டிவ் குரூப் ரத்தம் ரெண்டு பை இருக்குதாம். பதினோரு மணிக்கு ஒரு பிரசவ ஆபரேஷன். அந்த அம்மாவுக்காக எடுத்து வெச்சது."

அந்த இரண்டு பையும் டாக்டர் பார்த்து ஒப்புக்கொண்டு அன்றைக்குப் பயன்பட்டன. தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள் என்று மாலையில் மேடம் விசாரித்துச் சொன்னார். மேல் தட்டில் இருந்தவை அத்தனையும் வீண். யாரோ முன்பின் தெரியாதவர்கள் கையை நீட்டிக் கொடுத்த ரத்தம் அது. ஆபீஸில் மேடம் என்னைத் திட்டவில்லை. நான் மூடிய கேள்வியை என் திரையில் போட்டுவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

பத்து நாள் கழித்து முனிரத்தினம் மறுபடி எழுதினார். மறுபடியும் ஆப் பிரிவில், தப்பான இடத்தில். தலைப்பு, 'என் கேள்வியை ஏன் மூடினீர்கள்?' பைகள் வீணானதற்கு அவரிடம் விளக்கம் கேட்டிருந்தார்கள். ஒப்பந்த வேலைக்காரர். காலையிலேயே கம்பெனியிடம் கேட்டேன் என்று சொல்லி அந்தப் பக்கத்தைக் காட்டியிருக்கிறார். அதில் 'ஏற்கெனவே பதில் உண்டு' என்ற என் முத்திரைதான் தெரிந்தது. பதில் தெரிந்தும் அவர்தான் கவனிக்கவில்லை என்று ஆகிவிட்டது. "இரண்டு நாளில் என் வேலை போகும் நிலையில் இருக்கிறது. பதில் எழுத்தில் வேண்டும்," என்று முடித்திருந்தார்.

மேலதிகாரி ஒருவர் உடனே நீக்கச் சொன்னார். இது தொழில்நுட்பக் கேள்வி இல்லை, பொதுப் பிரிவிலும் கருவியைப் பற்றித்தான் கேட்கலாம் என்றார். விதிப்படி அவர் சொன்னது சரி. தினமும் நான் நடத்துகிற விதிகள்தானே, எனக்குத் தெரியாதா? எழுத்தில் ஒப்புக்கொண்டால் கம்பெனிக்கு வம்பு என்பதையும் அவர் மறைக்கவில்லை. மூலையில் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. நீக்கு என்ற பொத்தானின் மேல் என் கை இருந்தது. பயம்தான், எனக்கும் இரண்டு பிள்ளைகளின் படிப்பு இருந்தது.

சுலோசனா மேடம் என் பின்னால் வந்து நின்றார். தலைப்பிலிருந்து கடைசி வரிவரை சத்தமாக வாசித்தார். மேலதிகாரியும் கேட்டுக்கொண்டிருந்தார். நான்கு நிமிடம் தாண்டி, என் வேலைக்காலத்தில் முதல் தடவையாகக் கடிகாரம் சிவந்தது.

"காத்திருந்தா இன்னா கெடும்?" என்றார். எங்கள் ஊர் 'இன்னா'வை மேடத்தின் வாயில் அன்றுதான் கேட்டேன்.

"அவர் வேலை."

"யாருக்கு வந்த கேள்வி?"

"எனக்கு வந்தது மேடம். எந்தப் பிரிவுக்கும் இல்ல."

மன்றக் குழு என்றுதான் நாங்கள் எப்போதும் கையெழுத்துப் போடுவோம். அன்று என் பெயரைப் போட்டு எழுதினேன். "மூடியது நான். உங்கள் ஒன்பது வரியில் மூன்றை மட்டும் படித்தேன். எட்டாவது வரியில் நீங்கள் சரியாகச் சொல்லியிருந்தீர்கள். நீங்கள் கேட்டது சரியான கேள்வி, கேட்டதும் உரிய நேரத்தில். நான் காட்டிய பதில் தவறு. அதனால்தான் நீங்கள் பெட்டியை விட்டு வெளியே போக நேர்ந்தது." இரண்டு பதிவுகளும் வந்த நேரத்தையும், நான் பூட்டிய நேரத்தையும், திறந்த நேரத்தையும் கீழே போட்டேன்.

எனக்கும் மேடத்துக்கும் ஆளுக்கொரு மெமோ வந்தது. அந்த வருடம் எனக்கு வர வேண்டிய பதவி உயர்வு வரவில்லை. பெரிய மனசோடு ஏற்றுக்கொண்டேன் என்று சொன்னால் பொய். ஆறு மாதம் வீட்டில் எரிந்து விழுந்துகொண்டிருந்தேன். ஆனால் இரண்டு பிரிவில் போட்டால் வாயைக் கட்டுகிற விதி போனது. சென்சார் பேசாவிட்டால் பழைய எண்ணைக் காட்டாமல் வெறும் கோடு காட்டும்படி எஞ்சினியர்கள் டப்பாவை மாற்றினார்கள். ரயிலில் யாரும் இன்னா கேள்வி என்று கேட்பதை விட்டுவிட்டார்கள். முனிரத்தினத்திடமிருந்து மட்டும் ஒரு தகவலும் இல்லை. தினமும் க்யூவைத் திறந்ததும் முதலில் அந்தப் பதிவைத்தான் பார்ப்பேன். மூன்று மாதம் கழித்து என் பதிலுக்குக் கீழே ஒரு வரி இருந்தது. "இந்தப் பக்கத்தை அச்செடுத்துக் கொடுத்தேன். வேலையில் இருக்கிறேன்."

அந்தப் பதிவைத்தான் திவ்யாவின் மென்பொருள் எந்தப் பிரிவுக்கும் உரியதல்ல என்கிறது. அது சொல்வது உண்மைதான், நானும் அதையேதான் சொன்னேன்.

மறுநாள் நானே திவ்யாவைக் கூப்பிட்டு, அந்தப் பதிவை முழுதாகப் படித்தாயா என்று கேட்டேன். தலைப்பைப் பார்த்ததாகச் சொன்னாள். பங்காரப்பேட்டை வந்ததும் எழுந்து நின்று, முனிரத்தினத்தின் முதல் கேள்வியையும் இந்தப் பதிவையும் பெட்டியில் சத்தமாகப் படித்துவிட்டு, அப்புறம் உனக்குத் தோன்றியதைச் செய் என்று சொன்னேன். ஆபீஸ் போய்ச் சேர்ந்ததும் கூப்பிட்டாள். குரல் தாழ்ந்திருந்தது.

"படிச்சேன் மேடம். அந்த ஈரம் வரி வந்தப்போ பெட்டியில யாரும் சிரிக்கல," என்றாள்.

பதிவை என்ன செய்தாள் என்று நான் கேட்கவில்லை.